மூணாவது வரி

மாமல்லபுரத்துப் பிள்ளைகளான எங்களுக்கு ஆங்கிலம் இரண்டு இடங்களில் கிடைத்தது. ஒன்று பள்ளிக்கூடம். இன்னொன்று கடற்கரைக் கோயிலுக்குப் போகிற வழியில் இருந்த பெரியப்பாவின் கடை. 1984இல் யுனெஸ்கோ எங்கள் ஊர்ச் சிற்பங்களை உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்திருந்தது. அதெல்லாம் எங்களுக்கு எங்கே தெரியும்? கார்த்திகை பிறந்தால் வெள்ளைக்காரர்கள் வருவார்கள், பங்குனி வெயில் ஏறினால் போய்விடுவார்கள். அவ்வளவுதான் தெரியும்.

பள்ளியில் மூன்றாம் வகுப்பில்தான் ஏ, பி, சி, டி. டீச்சர் வாசற்படியில் கால் வைத்ததும் மொத்த வகுப்பும் எழுந்து நின்று, "குட்... மார்னிங்... டீச்ச்சர்" என்று ராகம் போட்டு இழுப்போம். "ஹவ் ஆர் யூ?" என்பார். "ஐ யாம் ஃபைன், தேங்க் யூ டீச்சர்" என்று கூரை அதிரும். பொன்னுக்கு வீங்கி வந்து கன்னம் உப்பி, கழுத்தில் அம்மாவின் தங்கச் சங்கிலியோடு உட்கார்ந்திருந்த பையனும் ஃபைன்தான். உடனே "சிட் டவுன்". அன்றைய நலம் விசாரிப்பு அதோடு முடிந்தது. அடுத்து என்ன பேசுவது என்று யாரும் சொல்லித் தரவில்லை; நாங்களும் கேட்கவில்லை.

பெரியப்பா படித்தது ஐந்தாவது. ஓலைக் கொட்டகைதான் கடை. பலகையில் மாக்கல் பிள்ளையார், ஆமை, வயிற்றைச் சல்லடையாகக் குடைந்து உள்ளே குட்டி தெரியும்படி செய்த யானை. பள்ளி விட்டு வந்ததும் யானைகளுக்கு உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது என் வேலை. முட்டிவரை மாவு படிந்தமாதிரி வெள்ளைத் தூசி. கை யானையில் இருக்கும், காது பெரியப்பாவிடம் இருக்கும்.

"ஹலோ மேடம், லுக்கிங் ஒன்லி, நோ பையிங்" என்று ஆரம்பிப்பார். நின்றால், "விச் கன்ட்ரி?" இந்த இரண்டையும் தெருவில் அத்தனை கடைக்காரர்களும் கேட்டார்கள். பெரியப்பாவின் கெட்டிக்காரத்தனம் அதற்கப்புறம். ஜெர்மனி என்றால் "போரிஸ் பெக்கர்! வெரி யங்!" என்பார். 1985இல் பதினேழு வயதில் விம்பிள்டன் ஜெயித்த பையன். பிரான்ஸ் என்றால் "பாண்டிச்சேரி கோயிங்?" இங்கிலாந்து என்றால் "இயான் போத்தம்!" என்று சொல்லிக் கையால் ஒரு சிக்ஸர். போகிறவர்கள் நின்றுவிடுவார்கள்.

"மொத ரெண்டு வார்த்தை எவன் வேணாலும் பேசுவான்டா. மூணாவது உன்னுது. அதை ரெடியா வெச்சுக்க" என்பார். கேட்கக் கூடாதவையும் சொல்லித் தந்தார். நம்மூரில் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் ஊர், சம்பளம், எத்தனை பிள்ளைகள் என்று கேட்டு முடிக்கும்போது பஸ் திருப்போரூரைக்கூடத் தாண்டியிருக்காது. "அவங்ககிட்ட வயசு, சம்பளம், புள்ளகுட்டி மூணும் கேக்காத. மூஞ்சி சுருங்கிடும். வெயிலைப் பத்திப் பேசு, அது யாருக்கும் சொந்தமில்ல."

வெயிலும் கிரிக்கெட்டும் ஒன்றாக அமைந்த வருஷம் ஒன்று வந்தது. 1986 செப்டம்பர், சேப்பாக்கத்தில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் ஆடிய டெஸ்ட். டீன் ஜோன்ஸ் அந்தப் புழுக்கத்தில் வாந்தி எடுத்தபடியே ஆடி 210 ரன் அடித்தார். அவுட்டான பிறகு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கடைசியில் மேட்ச் டை. 1960இல் பிரிஸ்பேனில் நடந்ததற்கு அப்புறம் டெஸ்ட் சரித்திரத்தில் அது இரண்டாவது டை. கடையில் டிரான்சிஸ்டரைச் சுற்றி உளிகள் ஓய்ந்து கிடந்தன.

அந்த சீசனில் வயதான ஆஸ்திரேலியத் தம்பதி ஒன்று வந்தது. அந்த அம்மா தொப்பியால் விசிறிக்கொண்டு, ரொம்பப் புழுக்கம் என்றார். பெரியப்பா விடுவாரா? "யெஸ் மேடம், வெரி ஹாட். யுவர் டீன் ஜோன்ஸ், மெட்ராஸ், வாமிட், வாமிட், டூ ஹண்ட்ரட் டென்!" என்று குனிந்து நடித்தே காட்டினார். அந்தப் பெரியவர் சிரித்த சிரிப்பில் எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். ஸ்டூல் வந்தது, டீ வந்தது. சட்டென்று அவர் என் பக்கம் திரும்பி, "அண்ட் ஹவ் ஆர் யூ?" என்றார்.

"ஃபைன்" என்றேன். எழுந்து நிற்கவில்லை, ராகம் போடவில்லை. மூணாவதுக்குக் கையில் யானை இருந்தது. "பேபி இன்சைட்" என்று நீட்டினேன். அந்த அம்மா அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஒவ்வொரு துளையாகப் பார்த்து, குட்டியின் தும்பிக்கையைக் கண்டுபிடித்து அவரிடம் காட்டினார். பெரியப்பா விலையைப் பற்றி மூச்சு விடவில்லை. அவர்களாகக் கேட்டபோதுதான் சொன்னார். அரைமணி நேரம் பேசிவிட்டு அவர்கள் வாங்கியது ஒரே ஒரு சின்ன ஆமை. அவருக்கு அதில் வருத்தமே இல்லை. "நாளைக்கு அவங்க லாட்ஜுல இருக்கறவங்களக் கூட்டிட்டு வருவாங்க பாரு" என்றார்.

ஸ்போக்கன் இங்கிலிஷ் வகுப்புகளில் இன்றும் பாடம் "ஹவ் ஆர் யூ, ஃபைன், தேங்க் யூ"வில் நின்றுவிடுகிறது. அடுத்த வரியை அச்சடித்துத் தர முடியாது. எதிரே நிற்பவர் யார், எங்கிருந்து வருகிறார், எதற்கு வியர்க்கிறார் என்று பார்த்தால்தான் அது பிறக்கும். 2020 செப்டம்பரில் டீன் ஜோன்ஸ் மும்பையில் காலமானார். அந்த வாரம் வேலை விஷயமாக மெல்போர்ன்காரர் ஒருவருடன் போனில் பேச வேண்டியிருந்தது. நலம் விசாரித்து முடித்ததும் சேப்பாக்கம் 210ஐ எடுத்தேன். கணக்கு வழக்குக்கு நாங்கள் வர வெகுநேரம் ஆயிற்று.