பாட்டியின் மங்குகள்

எங்கள் வீடு சுங்கை பஞ்சாங்கில் உள்ளது. வீட்டின் முன்னால் தென்னை மரங்கள். சற்றுத் தள்ளி நெல் வயல்கள். பின்புறத்தில், கோழிக் கூண்டுக்கு அருகே, பாட்டியின் மங்குகள் வரிசையாக இருக்கும். பால்மரத்தைச் சீவும்போது வடியும் பாலைச் சேகரிக்க மரத்தில் கட்டப்படும் சிறு கிண்ணமே மங்கு. பாட்டி இளம் வயதில் கோலசிலாங்கூர் வட்டாரத்திலிருந்த ரப்பர் தோட்டமொன்றில் பால்மரம் சீவியவர். பின்னர் அங்கே ரப்பர் மரங்களை அழித்துவிட்டுச் செம்பனையை நட்டார்கள். தேவையற்றுப் போன மங்குகளில் இருபதைப் பாட்டி ஒரு சாக்கில் போட்டு எடுத்து வந்துவிட்டார்.

நான் இரண்டாம் படிவத்தில் பயின்றபோது, நவம்பர் 11ஆம் நாள் கொண்டாடப்படும் தேசிய மறுசுழற்சி நாளையொட்டிப் பள்ளியில் ஒரு போட்டி நடைபெற்றது. அதிக எடையுள்ள பொருள்களைச் சேகரிக்கும் வகுப்புக்குப் பரிசு. நான் சேர்த்த நாளிதழ்களும் நெகிழிப் புட்டிகளும் எடையில் மிகக் குறைவாக இருந்தன. அப்பொழுது மங்குகள் நினைவுக்கு வந்தன. அவை கனமானவை, பழையவை, யாருக்கும் தேவைப்படாதவை என்று நானே முடிவு செய்துகொண்டேன். பாட்டியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவற்றைச் சாக்கில் போட்டு, மிதிவண்டியின் பின்னால் கட்டிக்கொண்டு புறப்பட்டேன். வழியில் கயிறு அவிழ்ந்து சாக்கு சாலையில் விழுந்தது. உள்ளே ஏதோ உடையும் ஓசை கேட்டது. எடை குறையாது என்று எண்ணி அதைப் பொருட்படுத்தவில்லை.

பள்ளியில் மறுசுழற்சித் தொட்டிகள் மூன்று இருந்தன. தாளுக்கு நீலம், கண்ணாடிக்குப் பழுப்பு, நெகிழிக்கும் அலுமினியத்திற்கும் ஆரஞ்சு. மங்குகள் கண்ணாடிபோல் பளபளத்ததால் பழுப்புத் தொட்டியில் கொட்டப் போனேன். ஆசிரியர் ஓடி வந்து தடுத்தார்.

“இது கண்ணாடி இல்லை, தம்பி. மேலே மெருகு பூசிய சுட்ட மண். கண்ணாடி உருகும் சூட்டில் இது உருகாது. இதன் சில்லுகள் கலந்தால் நல்ல கண்ணாடியும் பாழாகிவிடும். இதை மறுசுழற்சி செய்ய இங்கு வழியில்லை. மறுபயனீடுதான் செய்ய முடியும்,” என்றார்.

“இரண்டும் ஒன்றுதானே, ஐயா?” என்று கேட்டேன்.

அவர் கரும்பலகையில் இரு சொற்களையும் எழுதினார். சுழல் என்பதிலிருந்து வருவது சுழற்சி. ஒரு பொருளை உருக்கியோ கூழாக்கியோ, மீண்டும் மூலப்பொருளாக்கிப் புதிய பொருள் செய்வது மறுசுழற்சி. அதற்கு ஆலை வேண்டும். நீரும் எரிபொருளும் வேண்டும். பொருளை ஏற்றிச் செல்ல லாரி வேண்டும். இடு என்பது நீண்டு ஈடு ஆகும். முதலீடு, வெளியீடு போன்ற சொற்களில் இருக்கும் அதே ஈடுதான் இது. ஒரு பொருளை அதன் உருவம் மாறாமலே மீண்டும் பயனில் இடுவது மறுபயனீடு. பழைய வேலைக்கும் பயன்படுத்தலாம். புதிய வேலையும் கொடுக்கலாம். பால் டின்னை உருக்கினால் மறுசுழற்சி. அதில் துளையிட்டுச் செடி நட்டால் மறுபயனீடு.

அன்று மாலை வீடு திரும்பியபோது, பாட்டி கோழிகளுக்குத் தண்ணீர் வைக்க மங்கைத் தேடிக்கொண்டிருந்தார். நான் சாக்கை இறக்கி வைத்தேன். அவர் ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார். ஏழு உடைந்திருந்தன.

“இந்த மங்கில் வடிந்த பாலில்தான் உன் அப்பாவைப் படிக்க வைத்தேன், ஐயா,” என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. நான் தலைகுனிந்து நின்றேன்.

அப்பொழுதுதான் அந்த மங்குகள் எங்கள் வீட்டில் செய்த வேலைகளை எண்ணிப் பார்த்தேன். ஒன்றில் கோழிக்குத் தண்ணீர். ஒன்றில் சமையலறை உப்பு. சிலவற்றில் மிளகாய் நாற்று. கார்த்திகைத் தீபத்தன்று அவையே அகல் விளக்குகள். தம் தாயார் காலத்தில் தேங்காய்ச் சிரட்டையை மரத்தில் கட்டிப் பால் எடுத்ததாகவும் பாட்டி கூறியிருக்கிறார். மறுபயனீடு என்ற சொல்லைப் பாட்டி அறியமாட்டார். ஆனால், அந்தச் சொல் குறிக்கும் செயலை நாள்தோறும் செய்து வந்தார்.

மறுநாள் காலையில் உடைந்த சில்லுகளைத் தேடினேன். குப்பையில் இல்லை. பாட்டி அவற்றைப் பூச்சாடிகளின் அடியில், நீர் வடியும் துளைகளின் மேல் வைத்து மண் நிரப்பிக்கொண்டிருந்தார். “மண் கரைந்து ஓடாது, தண்ணீரும் தேங்காது,” என்றார். நானும் அருகில் அமர்ந்து மண் அள்ளிப் போட்டேன்.

எங்கள் வகுப்புக்குப் பரிசு கிடைக்கவில்லை. அந்த ஆண்டு கார்த்திகைத் தீபத்தன்று எங்கள் வாசலில் பதின்மூன்று மங்குகளில் விளக்கேற்றினோம். இன்றும் ஒரு பொருளை எறியக் கை ஓங்கும்போது, அதற்கு இன்னொரு வேலை உண்டா என்று எண்ணிப் பார்க்கிறேன். அது பிறருடையது என்றால், முதலில் அவரைக் கேட்கிறேன்.