சிறுவாணித் தண்ணிக்கு ‘சான்று தேவை’ங்க!

கோயம்புத்தூரில் யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் ஒரு சொம்புத் தண்ணீர் வரும். கூடவே ஒரு வரியும் வரும். “குடிங்க, சிறுவாணித் தண்ணிங்க. உலகத்துலயே ரெண்டாவது டேஸ்ட்டான தண்ணி!” பில்லூர்த் தண்ணீர் வரும் வீடுகளிலும் இதே வரியைக் கேட்டிருக்கிறேன். சரி, முதல் இடம் எந்தத் தண்ணீருக்கு என்று கேட்டால் ஆளுக்கொரு நதியைச் சொல்வார்கள். எங்கள் அப்பாரு மட்டும், “அதெதுக்கு நமக்கு?” என்று முடித்துவிடுவார்.

அந்த வரியை நானும் ஒருமுறை எழுதினேன். அதுதான் பிரச்னை.

சில வருடங்களுக்கு முன், வேறொரு செய்தித் தளத்தில் வேலை. மார்ச் 22, உலகத் தண்ணீர் தினம். ‘சிறுவாணி பற்றி நீங்கள் அறியாத 10 விஷயங்கள்’ அரை மணி நேரத்தில் வேண்டும் என்றார்கள். செல்போனில் விக்கிப்பீடியாவைத் திறந்தேன், பத்து விஷயம் தேறிவிட்டது. மூன்றாவது பாயின்ட், ‘உலகின் இரண்டாவது சுவையான நீர்’. வரி கொஞ்சம் மொட்டையாக இருக்கிறதே என்று ‘என்கின்றன ஆய்வுகள்’ என்று நானாகச் சேர்த்தேன். எந்த ஆய்வு, யார் செய்தது? அன்றைக்கு அந்தக் கேள்வியே எனக்கு வரவில்லை.

போன வருடம் ஒரு நண்பரின் வற்புறுத்தலில் தமிழ் விக்கிப்பீடியாவில் கணக்கு தொடங்கினேன். எங்கள் பஞ்சாயத்தின் பெயரில் இருந்த எழுத்துப்பிழையைத் திருத்தியதுதான் முதல் வேலை. மாற்றம் உடனே உலகத்துக்குத் தெரிகிறது என்பதே போதையாக இருந்தது. பிறகுதான் பக்கத்தின் மேலே இருக்கும் மற்ற இணைப்புகளைக் கவனித்தேன். ‘வரலாறு’ என்பதைத் தட்டினால் யார், எப்போது, எந்தக் கமாவைச் சேர்த்தார்கள் என்பது வரை இருக்கிறது. பேச்சுப் பக்கத்தில் அந்தக் கமாவுக்கான சண்டை இருக்கிறது!

2003-ல் தொடங்கிய தளம் இது. ஆரம்ப நாளிலிருந்து எழுதிக் குவித்த இ. மயூரநாதன் இலங்கைத் தமிழர். 2010-ல் நம்ம ஊரில் செம்மொழி மாநாடு நடந்தபோது, அதையொட்டிக் கல்லூரி மாணவர்களுக்கு விக்கிப்பீடியா கட்டுரைப் போட்டிகூட வைத்தார்கள். 2017-ல் ஒரு லட்சம் கட்டுரைகளைத் தாண்டினார்கள். எழுதுபவர் யாருக்கும் சம்பளம் கிடையாது. ஆனால் வேதியியலா இரசாயனவியலா, கணினியா கணணியா, ஜ, ஸ, ஹ எழுதலாமா கூடாதா என்று தமிழ்நாடும் இலங்கையும் அங்கே நாள்கணக்கில் வாதாடும். பொது விஷயம் பேசும் பக்கத்துக்குப் பெயரே ‘ஆலமரத்தடி’. எங்கள் ஊர்த் திண்ணையில் கேட்காத சத்தம் அங்கே கேட்கும், அதுவும் ‘வணக்கம் நண்பரே’ என்று தொடங்கி.

ஒருநாள் சிறுவாணிப் பக்கத்தில் அந்த ‘இரண்டாவது சுவையான’ வரியை ஒருவர் நீக்கியிருந்தார். காரணம்: சான்று இல்லை. ஒரு மணி நேரத்தில் இன்னொருவர் திரும்பச் சேர்த்தார். “ஊருக்கே தெரிந்ததற்கு என்ன சான்று?” மறுபடி நீக்கம். மறுபடி சேர்ப்பு. சேர்த்தவர் நம்ம ஊர்க்காரர் என்பது எழுத்திலேயே தெரிந்தது. ரசித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான்காம் நாள் அவர் ஒரு சான்றோடு வந்தார். தட்டினால், என் செய்தி. மேலே என் பெயர்.

“ஆய்வுகள் சொல்வதாகப் பத்திரிகையிலேயே வந்துவிட்டது. இதைவிட என்ன வேண்டும்?” என்று கேட்டிருந்தார். எதிர்த் தரப்பு அமைதியாக ஒரே கேள்வி போட்டது. “எந்த ஆய்வு என்று செய்தியில் இல்லையே. நிருபருக்கு இது எங்கிருந்து கிடைத்திருக்கும்?”

காந்திபுரத்தில் பஸ்ஸுக்காக நின்றுகொண்டு இதைப் படித்தேன். வந்த பஸ்ஸை விட்டுவிட்டேன்.

வரலாற்றுப் பக்கத்தில் பின்னால் போய்ப் பார்த்தால், நான் செய்தி எழுதுவதற்கு வெகுநாள் முன்பே, கணக்கில்லாத யாரோ ஒருவர் அந்த வரியைச் சேர்த்திருந்தார். அங்கிருந்து நான் எடுத்தேன். இப்போது என்னைக் காட்டி அங்கே நிரந்தரமாக்கப் பார்க்கிறார்கள். வெளிநாட்டிலும் இந்தக் கூத்து நடந்திருக்கிறது. 2009-ல் கார்ல் தியோடர் சூ குட்டன்பெர்க் ஜெர்மனியில் அமைச்சரானபோது, ஏற்கெனவே நீளமான அவர் பெயரில் விக்கிப்பீடியாவில் யாரோ ‘வில்ஹெல்ம்’ என்று ஒன்றைச் செருகினார். அதை நம்பிப் பத்திரிகைகள் அச்சிட்டன. பிறகு அந்தப் பத்திரிகைகளே சான்றாகிவிட்டன. படித்தபோது சிரித்தவன்தான் நான்.

என் விக்கிப் பயனர்பெயரை வைத்து என்னை யாரும் கண்டுபிடிக்க முடியாது. பேசாமல் இருந்திருக்கலாம். வரி நின்றாலும் யாருக்கும் நஷ்டமில்லை, தண்ணீர் ருசியாகத்தான் இருக்கிறது. ஆனால் ‘ஆய்வுகள்’ என்ற அந்த ஒரு சொல் என்னுடையது. அதை நம்பித்தான் ஒருவர் நாலு நாளாகச் சண்டை போடுகிறார்.

அன்றிரவு எழுதினேன். “அந்தச் செய்தியை எழுதியவன் நான்தான். இந்தப் பக்கத்தைப் பார்த்துத்தான் எழுதினேன். எந்த ஆய்வையும் பார்க்கவில்லை.” கையொப்பத்துக்கு நான்கு அலைக்குறிகள் போட்ட பிறகும், வெளியிட விரல் வர வெகுநேரம் ஆனது.

ஊர்க்காரரிடமிருந்து முதலில் வந்த பதில்: “இப்படிப் பண்ணலாமாங்க?” அவ்வளவுதான். நியாயமான கேள்வி. மற்றவர், “அறியத் தந்தமைக்கு நன்றி” என்று எழுதினார். அந்த வாக்கியத்தில்தான் அவர் இலங்கைக்காரராக இருக்க வேண்டும் என்று புரிந்தது. சிறுவாணித் தண்ணீரை ஒரு மடக்குகூடக் குடித்திருக்க மாட்டார். அதற்காக நான்கு நாள் மல்லுக்கு நின்றிருக்கிறார்.

வரி போய்விட்டது. ஊர்க்காரர் ஒரு வாரம் அந்தப் பக்கம் வரவில்லை. கோபித்துக்கொண்டார் என்றே நினைத்தேன். திரும்பி வந்தபோது நூலகத்தில் எடுத்த குறிப்புகளோடு வந்தார். பவானியில் கலக்கும் துணையாறு, அணை இருப்பது கேரளாவின் பாலக்காடு மாவட்டத்தில், மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக நமக்குத் தண்ணீர் வருகிறது, இந்தத் தண்ணீரைக் கோவைக்குக் கொண்டுவர 19-ஆம் நூற்றாண்டிலேயே எஸ்.பி. நரசிம்மலு நாயுடு குரல் கொடுத்தார் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தார். இலங்கைக்காரர் பின்னாலேயே வந்து அடிக்குறிப்புகளைச் சீர்செய்தார். மூன்றாம் நாள் இருவருக்கும் கிலோமீட்டரா கிலோமீற்றரா என்று அடுத்த சண்டை தொடங்கியிருந்தது. நான் தலையிடவில்லை.

அப்பாருவிடம் நடந்ததைச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, “அப்ப முதலாவது எடமா இருக்குமோ என்னவோ!” என்றார்.

என் பழைய செய்தி மட்டும் அந்தத் தளத்தில் இன்னும் அப்படியே இருக்கிறது, மூன்றாவது பாயின்ட் உட்பட. திருத்தச் சொல்லி இன்று காலை மூன்றாவது முறையாக மெயில் போட்டிருக்கிறேன்.