பாட்டியின் பத்தியம்

"ஏழு வயதுக் குழந்தைக்கு மூட்டுவாதமா! கேள்விப்பட்டதே இல்லையே, அம்மா!" என்று எங்கள் இரும்பையில் மூக்கில் விரல் வைக்காதவர்கள் இல்லை. லண்டனில் ஸ்டில் என்ற டாக்டர் 1897-லேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார்.

காலையில் எழுந்தால் என் பெண்ணுக்கு முழங்கால் மடங்காது. வெயில் ஏறிய பிறகுதான் இளகும். ஆறு வாரமாகியும் வீக்கம் வடியாமல் போகவே புதுச்சேரிக்கு ஓடினோம். வாரத்தில் ஒரே ஒரு நாள் மெதோட்ரெக்சேட் மாத்திரை. மறந்துபோய்த் தினமும் கொடுத்துவிட்டால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் மூன்று தடவை எச்சரித்தார்.

என் மாமியாரோ பத்தியம் ஆரம்பித்துவிட்டார். உருளைக்கிழங்கு வாயு, தயிர் குளிர்ச்சி, மீன் கூடவே கூடாது! மிஞ்சியது மிளகு ரசந்தான். குழந்தை துரும்பாக இளைத்தாள். அடுத்த முறை மாமியாரையும் டாக்டரிடம் அழைத்துப் போனேன்.

"பாட்டியம்மா, இந்த நோயைப் போக்கும் பத்தியம் எதுவும் கிடையாது. எலும்பு உறுதிப்படக் கேழ்வரகு, பால், தயிர், மீன் எல்லாம் கொடுங்கள். படுக்கையிலேயே போட்டு வைக்காதீர்கள், நடக்கட்டும், விளையாடட்டும்" என்றார் அவர்.

மறுநாளே கவலை மீன் குழம்பு கொதித்தது! (பெயர்தான் கவலை; வீட்டில் கவலை குறைந்தது அன்றுதான்.) விடியற்காலையில் வெந்நீர் போட்டுக் குளிப்பாட்டி, காலை நீட்டி மடக்க வைப்பது பாட்டியின் பொறுப்பாயிற்று.

ஒன்று சொல்ல வேண்டும், சகோதரிகளே. இந்த நோயில் கண் சிவக்காமல், வலிக்காமல், உள்ளேயே அழற்சி உண்டாகிப் பார்வையைக் கெடுத்துவிடலாம். சொன்ன தவணைக்குக் கண் டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும்.

எங்கள் வீட்டில் மாத்திரை நாள் ஞாயிறு. காலண்டரில் வட்டம் போடுகிற வேலையை மட்டும் பேத்தி பாட்டிக்கு விட்டுக்கொடுப்பதில்லை.