வெயில் ஏறுமுன் ஒரு பூசணிக்காடு

மம்சாபுரத்திலிருந்து மலையைப் பார்த்துப் போகும் மண்பாதையில், ஒரு தென்னந்தோப்பை ஒட்டி இருக்கிறது அந்தப் பூசணிக்காடு. ஒரு பாதியில் புரட்டாசியில் ஊன்றிய கொடி காயும் பிஞ்சுமாகப் படர்ந்து கிடக்கிறது. மறுபாதியில் தைப்பட்டத்துக்குப் போட்ட குழிகளில் இப்போதுதான் விதையிலை விரிந்திருக்கிறது. மார்கழிப் பனியில் நான் போய்ச் சேர்ந்தபோது காட்டுக்கார அக்கா புதுக்குழிகளின் பக்கம்தான் குனிந்திருந்தார்.

“வெயிலு ஏறுச்சுன்னா பறந்துரும் தம்பி. இப்பன்னா கையோட வரும்.”

விதையிலையில் ஒட்டிக்கிடந்த செம்மஞ்சள் வண்டுகளை விரலால் தட்டி, மண்ணெண்ணெய் கலந்த தண்ணீர்ச் சட்டியில் விழவைத்துக்கொண்டே நகர்ந்தார். சிவப்புப் பூசணி வண்டு குளிரில் மந்தமாகக் கிடக்கும். உடம்பு சூடேறினால் பிடி கொடுக்காது. கொடி நாலைந்து இலை விட்டபின் இது கடித்தாலும் தாங்கிக்கொள்ளும். விதையிலைப் பருவத்தில் விட்டுவிட்டால் செடியே மிஞ்சாது. பொறுக்கி முடித்த குழியில் அடுப்புச் சாம்பலைத் தூவினார். பனி ஈரத்தில் சாம்பல் இலையோடு ஒட்டிக்கொண்டது. கந்தகத் தூளைத் தூவியிருந்தால் இலை கருகியிருக்கும். கொடிக்காய்களுக்குச் செம்புத் தூளும் கந்தகத் தூளும் ஆகாது என்று வேளாண் பல்கலைக்கழகமும் சொல்கிறது.

வண்டு முட்டையிடுவது குழியோரத்து ஈர மண்ணில். அதன் புழு வேரைக் குடையும். தரையில் கிடக்கும் காயையும் அடியிலிருந்து துளைக்கும். அதற்காகவே பழைய பாதியில் ஒவ்வொரு காய்க்கும் அடியில் தென்னோலைத் துண்டு செருகியிருந்தது.

அவர் கணவர் எழுதிவைக்கும் செலவு நோட்டைப் பார்த்தேன். உழவு, விதை, மருந்து, வண்டி வாடகை எல்லாம் இருந்தன. விடியற்காலை வண்டு பொறுக்கியதற்கு ஒரு வரி இல்லை. அந்தக் காட்டில் பயிரைக் காப்பாற்றிய வேலையே அதுதான். கூலி போட்டுக் கணக்கில் ஏற்ற வேண்டிய வேலை என்றே நான் நினைக்கிறேன்.

அதற்குள் பூக்கள் நன்றாக விரிந்து தேனீ வந்துவிட்டது. பூசணியில் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. விடியலில் விரியும் பூ முற்பகலிலேயே மூடிக்கொள்ளும். காய் பிடிப்பது அந்தச் சில மணி நேரத்துத் தேனீயால்தான். மருந்து அடித்தே தீர வேண்டுமென்றாலும் அக்கா சாயங்காலத்துக்கு முன் தெளிப்பானைத் தொடுவதில்லை. வாசல் கோலத்துச் சாணத்தில் செருகப் பூ கேட்டு ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வருகிறார்கள். ஆண்பூவைப் பறித்துக் கொடுக்கிறார். அடியில் பிஞ்சோடு இருக்கும் பெண்பூவில் கைவைக்க விடுவதில்லை.

பெரிய எதிரி பழ ஈ. தோல் முற்றாத பிஞ்சில் ஊசிபோல் குத்தி உள்ளே முட்டை வைக்கும். குத்திய இடத்தில் பிசின் கசிந்து நிற்கும், பிஞ்சு கோணிக்கொள்ளும், பிறகு அழுகும். ஒரு சொத்தைப் பிஞ்சைப் பிளந்து காட்டினார். வளர்ந்த புழுக்கள் உடம்பை வளைத்துத் தெறித்து எங்கள் காலடியில் குதித்தன. மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகத்தான் அந்தக் குதிப்பு.

வெக்கையில் இந்த ஈ குறைவு, மழைக்காலத்தில் அதிகம். பிறகு ஏன் புரட்டாசியில் ஊன்ற வேண்டும்?

“பொங்கலுக்கு வெட்டுனாத்தான தம்பி விலை? ஈ வரும்னு தெரிஞ்சுதான் ஊனுறோம்.”

சந்தை குறித்த நாளுக்காகப் பூச்சியின் நல்ல காலத்தில் பயிர் வைக்கிறார்கள். அந்த வில்லங்கத்தை வேறு வழிகளில் ஈடுகட்ட வேண்டியிருக்கிறது. முன்பு கருவாட்டுத் தூளோடு டைக்குளோர்வாஸ் நனைத்த பஞ்சைப் பையில் போட்டுக் கட்டுவார்கள். அந்த மருந்துக்கு 2020 முடிவோடு நாட்டில் தடை வந்துவிட்டது. இப்போது தொங்குவது இனக்கவர்ச்சிப் பொறி. டப்பா நிறைய ஈ செத்துக்கிடப்பதைப் பார்த்து மனம் நிறைந்துவிடக் கூடாது. அதில் விழுவது ஆண் ஈ மட்டும். முட்டையிடும் பெண் வெளியேதான் திரிகிறது. முட்டை கட்டப் புரதம் தேடுவதால் கருவாட்டுக்குப் பெண் ஈயும் வந்தது.

வரப்போரம் ஒரு வரிசை மக்காச்சோளம் நின்றது. ஈ பூசணிக்குள் தங்குவதில்லை. உயரமான ஓரப்பயிரின் இலையடியில் இளைப்பாறிவிட்டு, முட்டையிட மட்டும் உள்ளே வரும். ஹவாய்த் தீவில் ஆராய்ந்தவர்களும் இதைத்தான் கண்டார்கள். அதனால் வெல்லக் கரைசலில் மருந்து கலந்து சோளத்தில் மட்டும் தெளிக்கிறார்கள். பூவுக்கும் தேனீக்கும் அதில் சேதம் குறைவு.

இந்த ஈ நம் நாட்டுப் பக்கத்திலிருந்து பல நாடுகளுக்குப் பரவியது என்கிறார்கள். ஜப்பானின் ஒகினாவாத் தீவுகளில் 1972இல் ஒழிப்பு வேலையைத் தொடங்கி, மலடாக்கிய ஈக்களைத் தீவு தீவாகப் பறக்கவிட்டு, 1993இல் முழுதாக ஒழித்தார்கள். கடல் சூழ்ந்த இடம், அரசாங்கம் முழுதாக இறங்கிய வேலை. இங்கே வரப்புக்கு அந்தப் பக்கமும் ஒரு பூசணிக்காடு இருக்கிறது. அதன் ஓரத்தில் சொத்தைக் காய்கள் குவிந்து கிடந்தன. அக்கா தன் காட்டுச் சொத்தையை முழங்கால் ஆழத்துக்கும் கீழே குழி வெட்டிப் புதைக்கிறார். ஆனாலும் அந்தக் குவியலிலிருந்து ஈ வந்துகொண்டே இருக்கும்.

நான் கிளம்பும்போது பக்கத்துக் காட்டுக்காரர் வரப்பில் நின்றார். “அண்ணாச்சி, குழி நான் வெட்டித் தாரேன், ஒங்க காயையும் கொண்டாந்து போடுங்க” என்றார் அக்கா. பக்கத்துக் காட்டுக்காரர் தன் குவியலை ஒருமுறை பார்த்துவிட்டு, மம்பட்டி எடுத்துவர ஆளனுப்பினார்.