நின்ற வண்டி

நெடுநாள் நின்றுபோன ஸ்கூட்டரைப் பார்த்ததும் யாருக்கும் முதலில் தோன்றுவது, ஒரு உதை உதைத்துப் பார்ப்போமே என்பதுதான். தார்ப்பாயை விலக்கி, தூசியைத் தட்டி, பக்கத்து வண்டியிலிருந்து கொஞ்சம் பெட்ரோல் இறக்கி ஊற்றி, கிக்கரை மிதிப்பார்கள். சில சமயம் ஸ்டார்ட்டும் ஆகிவிடும். ஆகிவிட்டால்தான் ஆபத்து. சிலிண்டருக்குள் எண்ணெய்ப் பசை காய்ந்து, ரிங்குகளில் துரு படர்ந்து கிடக்கும்போது எஞ்சின் வேகமாகச் சுழன்றால், இத்தனை வருடம் சும்மா நின்று கெடாத சிலிண்டரில் அரை நிமிடத்தில் கோடு விழுந்துவிடும்.

இதை எனக்குச் சொன்னவர் மாயவரத்தில் எங்கள் தெருமுனையில் ஷெட் வைத்திருக்கும் பாய். பெரிய மெக்கானிக், சின்ன ஷெட். இப்போது அவரிடம் வருவதெல்லாம் கியர் இல்லாத வண்டிகள். எங்கள் வீட்டு வண்டி பழைய டூ-ஸ்ட்ரோக் என்றதும் கையிலிருந்த வேலையைப் பையனிடம் கொடுத்துவிட்டு வந்தார். கிக்கரில் என் கால் போவதைப் பார்த்துவிட்டு, "சார், அதுல மட்டும் கால வைக்காதீங்க" என்றார். அன்று அவர் செய்த முதல் வேலை அதுதான். இரண்டாவது வேலை, வண்டியில் கால் வைக்கிற இடத்தில் கிடந்த ரப்பர் மேட்டைக் கிழித்து எடுத்தது.

வண்டி பஜாஜ் சேத்தக். எண்பதுகளின் நடுவில் பெரியப்பா வாங்கியது. இத்தாலியின் பியாஜியோவோடு இருந்த ஒப்பந்தம் 1971-ல் முடிந்தபின், பஜாஜ் 1972-ல் ராணா பிரதாப்பின் குதிரைப் பெயரைச் சூட்டி இறக்கிய ஸ்கூட்டர் அது. பணம் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்து வாங்கிய தலைமுறை பெரியப்பாவுடையது. முழங்கால் போய் கிக்கரை மிதிக்க முடியாமல் ஆனதும், வண்டியைக் கொல்லைப்புறக் கொட்டகையில் சாய்த்துவிட்டு ஆட்டோவுக்கு மாறிவிட்டார். இன்று சேத்தக் என்றால் பிள்ளைகளுக்குத் தெரிந்தது சத்தமே இல்லாமல் போகிற மின்சார வண்டிதான். அது 2019-ல் அறிமுகமான புது அவதாரம்.

பாய் மேட்டைக் கிழித்ததற்குக் காரணம் உண்டு. மோட்டார் சைக்கிளுக்குக் குழாய்ச் சட்டம் தனியாக இருக்கும். பியாஜியோவின் வெஸ்பா வம்சத்தில் வந்த இந்த ஸ்கூட்டருக்குச் சட்டமே கிடையாது. வளைத்து அழுத்திய தகடுதான் பாடி, அதுவேதான் சேஸி. 1946-ல் வந்த முதல் வெஸ்பாவை வடிவமைத்த கொராடினோ தஸ்கானியோ விமானப் பொறியாளர். முன்சக்கரத்தை ஒரு பக்கத்திலிருந்து மட்டும் தாங்கும் கை, பஞ்சரானால் கார் மாதிரி கழற்றி ஸ்டெப்னி மாட்டும் வசதி எல்லாம் அந்த விமானப் புத்தியிலிருந்து வந்தவை. அந்தத் தகட்டில், அதுவும் கால் வைக்கிற இடத்தில், மேட்டுக்கு அடியில் தேங்கிய மழைத் தண்ணீர் துளை போட்டுவிட்டால், எஞ்சின் எவ்வளவு நன்றாக இருந்தும் பிரயோசனமில்லை. பாய் ஸ்க்ரூடிரைவரின் பின்பக்கத்தால் தட்டித் தட்டிக் கேட்டார். ஓரத்தில் மட்டும் பொத்தல். "பேட்ச் அடிச்சிரலாம். முதுகெலும்பு நல்லா இருக்கு" என்று தீர்ப்புச் சொன்னார். அதற்குப் பிறகுதான் எஞ்சின் பக்கத்து மூடியைத் திறந்தார்.

ஓடித் தேய்ந்த வண்டிக்கும் நின்று கெட்ட வண்டிக்கும் வைத்தியம் ஒன்றல்ல என்பது எனக்கு அடுத்த சில வாரங்களில்தான் புரிந்தது. ஓட்டத்தில் இரும்பு தேயும்: பிஸ்டன், பேரிங், கியர்ப் பல். நின்றால், தண்ணீர் தேங்காத வரை, இரும்புக்கு அவ்வளவாக ஒன்றும் ஆவதில்லை. மேலே துரு பூக்கும், தேய்த்தால் போகும். வண்டியில் எதெல்லாம் மெத்தென்றும் வழவழப்பாகவும் இருந்ததோ, அதெல்லாம்தான் நிற்கிற வண்டியில் இறுகிப்போகும். ரப்பர், கார்க், கிரீஸ், பெட்ரோல் என்று பட்டியல் போட்டுக்கொண்டு தேடினால் நோய் கிடைத்துவிடும்.

பெட்ரோலில் தொடங்குவோம். டேங்க் மூடியைத் திறந்தால் பெயின்ட் கடை வாசனை. பெட்ரோலில் சட்டென்று பற்றிக்கொள்ளும் லேசான சரக்கெல்லாம் ஆவியாகிப் போய்விட்டது. டூ-டி ஆயிலும் பிசினும் கலந்து அடியில் பாகு பதத்தில் உறைந்துகிடந்தது. டூ-ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு மசகு எண்ணெய் பெட்ரோலோடுதான் போக வேண்டும். லிட்டருக்கு 20 மில்லி. பங்கில் 'ஆயில் பெட்ரோல்' என்று தனிக் குழாயே இருந்த காலம் பலருக்கு நினைவிருக்கும். டேங்கைக் கழற்றி, பழைய சைக்கிள் செயின் ஒன்றை உள்ளே போட்டு, டீசல் ஊற்றி, மூடியை இறுக்கி, பாயின் பையன் குலுக்கினான். செம்மண் கரைசலாகத் துரு வந்தது. தெளிந்து வரும்வரை விடவில்லை.

அதே பிசின் கார்பரேட்டரிலும். அதில் பைலட் ஜெட் என்று ஒரு பித்தளைத் துண்டு. கடுகு உருளும் அளவுகூட இல்லை, அரை மில்லிமீட்டருக்கும் குறைவான துளை. எஞ்சின் ஐடிலிங்கில் நிற்பது அந்தத் துளையின் புண்ணியத்தில். அடைத்துக்கொண்டால் ஊசி விட்டுக் குத்துவதுதான் தெருவழக்கம். பாய் அதற்குச் சம்மதிக்க மாட்டார். பித்தளை மெது, எஃகுக் கம்பி பட்டால் துளை அகன்றுவிடும், அப்புறம் பெட்ரோல் கூடுதலாகக் குடித்துப் பிளக் கரியாகும். தூண்டில் போடுகிற நைலான் நரம்பில் ஒரு துண்டு வெட்டி, தின்னரில் ஊறப்போட்ட ஜெட்டில் விட்டு எடுத்தார். வெயிலுக்கு நேரே பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்த்தார். என்னிடமும் நீட்டினார். முழு வட்டமாக வெளிச்சம் தெரிந்தால்தான் சுத்தம். பிறை மாதிரித் தெரிந்தால் மறுபடி ஊறல்.

எஞ்சினைச் சுற்றவைப்பதற்கு அவர் எடுத்துக்கொண்ட நிதானம் எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது. பிளக்கைக் கழற்றி, துளை வழியாகக் கொஞ்சம் ஆயில் விட்டு, ஒரு ராத்திரி சும்மா போட்டார். மறுநாள் டாப் கியரில் போட்டுப் பின்சக்கரத்தை முன்னும் பின்னும் விரலளவு அசைத்தார். மேல் கியரில் சக்கரத்துக்கு எஞ்சின்மேல் பிடிமானம் அதிகம். முரட்டுத்தனம் இல்லாமல் நெம்பலாம். ஏதோ ஒரு அசைவில் உள்ளே 'க்ளக்' என்று விட்டது. அப்போதும் கிக்கர் இல்லை, கையால்தான் சுற்றினார்.

கிளட்ச் அடுத்த வம்பு. இந்த வண்டியின் கிளட்ச் பிளேட்டில் கார்க் ஒட்டியிருப்பார்கள். வருடக்கணக்கில் அசையாமல் அழுந்திக் கிடந்ததில், மழைக்காலத்து அப்பளக் கட்டு மாதிரி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிட்டன. கைப்பிடியை முழுக்கப் பிடித்தாலும் கிளட்ச் பிரியாது. புது பிளேட் வாங்கி, மாட்டும் முன்பு அதையும் ஆயிலில் ஊறவைத்தார்கள்.

எல்லாவற்றிலும் கெட்டிக்காரத்தனமாக ஒளிந்துகொள்வது ஆயில் சீல். கிராங்குக்கு இரண்டு பக்கமும் இரண்டு ரப்பர் வளையங்கள். நாலு ஸ்ட்ரோக் எஞ்சினில் சீல் போனால் எண்ணெய் கசியும், அவ்வளவுதான். டூ-ஸ்ட்ரோக்கில் பெட்ரோலும் காற்றும் முதலில் கிராங்க் இருக்கிற அறைக்குள் போய், அங்கே அழுத்தப்பட்டுத்தான் சிலிண்டருக்கு ஏறும். அந்த அறை காற்றுப்புகாமல் இருக்க வேண்டும். மேக்னெட் பக்கத்து சீல் இறுகினால் வெளிக்காற்றை இழுக்கும். கலவை மெலிந்து எஞ்சின் காரணமில்லாமல் ரேஸாகும், சூடேறிப் பிடித்தும் கொள்ளும். கிளட்ச் பக்கத்து சீல் இறுகினால் கியர் ஆயிலை உறிஞ்சும். தெருவே மறையும் அளவுக்கு வெள்ளைப் புகை. ரிங் போச்சு, போர் போட வேண்டும் என்று செலவு வைப்பவர்கள் உண்டு. கியர் பாக்ஸில் ஊற்றிய கால் லிட்டர் ஆயில் குறைகிறதா என்று பார்த்தாலே நோய் எது என்று தெரிந்துவிடும். பாய் சோதித்துப் பார்க்கவே இல்லை. "இவ்வளவு வருஷம் நின்ன வண்டில சீல் நல்லா இருக்குன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க" என்று இரண்டையும் மாற்றிவிட்டார்.

சீல், கேபிள், ஆறு வோல்ட் பல்பு, பிளாட்டினம் பாயிண்ட் எல்லாம் தேடி சென்னைக்குப் போனேன். புதுப்பேட்டையில் சந்து சந்தாகக் கழற்றிய வண்டிகளின் உறுப்புகள் தொங்கும். கடைக்காரர் ஒருவர் என் பட்டியலைப் பார்த்துவிட்டு, "ஓட்டவா, ஷோவுக்கு வைக்கவா?" என்று கேட்டார். ஓட்டத்தான் என்றதும் மின்னிய குரோம் சாமான்களை உள்ளே தள்ளிவிட்டு, கிரீஸ் படிந்த டப்பா ஒன்றை எடுத்தார். கேள்வியிலேயே பாதி வியாபாரம் முடிந்துவிட்டது.

டயரைப் பற்றி விவாதமே இல்லை. பட்டன் தேயாமல் இருந்தாலும், பக்கவாட்டில் வெடிப்பு ஓடிவிட்டால் தூக்கிப்போட வேண்டியதுதான். இந்த ஸ்கூட்டரின் பத்து இன்ச் ரிம் இரண்டு பாதிகளை நட்டுப் போட்டு இணைத்தது. காற்று இருக்கும்போது அந்த நட்டுகளில் கை வைத்தால் ரிம் வெடித்து முகத்துக்கு வரும். முதலில் காற்றை இறக்க வேண்டும். இந்த ஒன்றை மட்டும் பாய் தன் பையனிடம் ஒவ்வொரு முறையும் உரக்கச் சொல்கிறார்.

சைலன்ஸர் வாயைக் குளவி மண்ணால் பூசி மூடியிருந்தது. அதைத் தட்டி எடுத்து, சைலன்ஸரை நெருப்பில் காட்டிக் கரியை உதிர்த்தார்கள். பாயிண்டை உப்புத்தாளால் தேய்த்து, இடைவெளி 0.4 மில்லிமீட்டர் வைத்து, புது பிளக் போட்டு, அதன்பின்தான் பாய் கிக்கரைக் காட்டி, "இப்ப உதைங்க" என்றார். உதைத்தேன். அந்தக் காலத்தில் காலையில் ஸ்கூட்டரை ஒரு பக்கமாகச் சாய்த்துவிட்டு உதைப்பார்களே, அது தேவைப்படவில்லை. சாய்த்தால் கார்பரேட்டரில் கூடுதலாகப் பெட்ரோல் இறங்கும் என்பது பாயின் விளக்கம். ஜெட் சுத்தமாக இருந்தால் சோக்கே போதுமாம்.

வண்டி ஓடுவதும் ரோட்டில் ஓட்டலாம் என்பதும் வேறு வேறு. தனியார் வண்டியின் பதிவு பதினைந்து வருடத்துக்கு. அதற்குப் பிறகு ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். படிவம் 25, இன்சூரன்ஸ், புகைச் சான்று, ஆய்வாளர் முன்னால் வண்டி. பாடியில் பொறித்த சேஸி எண்மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படியெடுக்க வேண்டும். பெயின்ட்டைச் சுரண்டினால்தான் எண் பதியும். இருசக்கர வண்டிக்கு 300 ரூபாயாக இருந்த புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் 1,000 ஆனது. இருபது வருடம் தாண்டியவற்றுக்கு 2025-ல் 2,000 என்றார்கள். பழசை வைத்துக்கொள்ளாதே என்று அரசாங்கம் மரியாதையாகச் சொல்கிறது. பெரியப்பா மரியாதை பார்க்கவில்லை: "எடைக்குப் போடுடா, நூறு கிலோ இரும்பு இருக்கு." ஆனாலும் ஆர்.சி. புத்தகத்தை டிரங்குப் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தவர் அவர்தான். வண்டி வாசலுக்கு வந்ததும் அவர் கேட்ட ஒரே கேள்வி, "மைலேஜ் என்ன தருது?"

இறுகிப்போனவற்றில் கடைசி என் இடது மணிக்கட்டு. கிளட்சைப் பிடித்துக்கொண்டு, அதே கையால் கைப்பிடியைத் திருகி நாலு கியர் மாற்றும் வித்தை கியர் இல்லாத வண்டிகளில் பழகிப் போன கைக்கு மறந்துவிட்டது. முதல் கியருக்கும் இரண்டுக்கும் நடுவில் நியூட்ரல் அகப்படவே இல்லை. எஞ்சின் முழுக்க வலப்பக்கம் இருப்பதால் வண்டி லேசாக ஒரு பக்கம் இழுக்கும். உடம்புதான் ஈடுகொடுக்க வேண்டும். பிரேக் பிடித்தால் நிற்கும், இப்போதைய வண்டிகளைப்போல் உடனே அல்ல. முகப்பு விளக்கு ஆக்சிலேட்டரை முறுக்கினால்தான் பிரகாசிக்கும். இதற்கெல்லாம் ஸ்பேர் பார்ட்ஸ் கிடையாது. ஓட்டி ஓட்டித்தான் வரவேண்டும்.

மறுபடி நிற்கவிட்டால் முன்பைவிடச் சீக்கிரம் கெடும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2025-ல் நாட்டின் பெட்ரோலில் எத்தனால் கலப்பு இருபது சதவீதத்தை எட்டிவிட்டது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். அளவு மீறினால் தண்ணீரோடு பிரிந்து டேங்கின் அடியில், சரியாக பெட்ரோல் டேப் வாயருகே, தங்கும். பழைய வண்டியின் ரப்பர் இந்தப் பெட்ரோலுக்காகச் செய்யப்பட்டதல்ல. குழாயும் வாஷரும் அடிக்கடி மாற்றத் தயாராக இருக்க வேண்டும். சில வாரம் ஊருக்குப் போவதென்றால் டேங்கை வடித்துவிடுவது நல்லது. அன்றாடம், வீடு வருவதற்குச் சற்று முன்னாலேயே டேப்பை மூடிவிட்டு, கார்பரேட்டரில் இருப்பது தீர்ந்து எஞ்சின் தானாக அணையவிட வேண்டும்.

ஆகவே வண்டியைப் பூட்டி வைப்பதை விட்டுவிட்டேன். அண்ணன் மகன், எதிர்வீட்டுப் பையன், பாயின் பையன் என்று யார் கேட்டாலும் லைசென்ஸைப் பார்த்துவிட்டுச் சாவியைக் கொடுக்கிறேன். கியர் தெரியாதவர்களுக்குக் கற்றும் தருகிறேன். கீறல் விழுந்தால் கோபமில்லை. டேப்பை மூடாமல் கொண்டுவந்து நிறுத்தினால் மட்டும், அடுத்த ஞாயிற்றுக்கிழமை கார்பரேட்டரைக் கழற்றி ஜெட்டைச் சுத்தம் செய்வது அவர்கள் வேலை. தூண்டில் நரம்பு என்னிடம் தாராளமாக இருக்கிறது.