தண்ணீர் மேல் போட்ட பழி

2015 டிசம்பர் வெள்ளம் வடிந்த பிறகு, நனைந்துபோன லேப்டாப்களைச் சென்னைக்குத் தெற்கே படூரில் இருக்கும் என் சர்வீஸ் கடைக்குக் கொண்டுவந்தார்கள். அவற்றில் சிலவற்றைக் கெடுத்தது நான். கெடுத்துவிட்டுத் தண்ணீர் மேல் பழி போட்டேன். அதில் ஒன்றின் ஹார்டு டிஸ்கை, உடையவரைக் கேட்காமல் அழித்து இன்னொருவருக்கு விற்றேன். பிறகு அந்த டிஸ்கைத் தேடி வந்தவரிடம் பொய் சொன்னேன். வாக்குமூலம் இவ்வளவுதான். எப்படி நடந்தது என்பதை, இந்தத் தொழிலில் இருப்பவர்களும், நாளைக்கு நனைந்த லேப்டாப்பைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கப்போகிறவர்களும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

படூர் இப்போது இருக்கும் செங்கல்பட்டு தனி மாவட்டம் ஆனது 2019 நவம்பரில். வெள்ளம் வந்தபோது படூர் காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்தது. பழைய மகாபலிபுரம் சாலை (ஓ.எம்.ஆர்.) ஓரத்துக் கடை என்னுடையது. கல்லூரிப் பிள்ளைகளும் சிறுசேரி சிப்காட்டுக்கு வேலைக்குப் போகிறவர்களும்தான் வாடிக்கை. கிழக்கே முட்டுக்காடு காயல், அதைத் தாண்டினால் கோவளம் கடல். தெற்கே கேளம்பாக்கத்தில் உப்பளம். இந்தக் காற்றில் இருக்கும் உப்பும் ஈரமும் மிஷினுக்குள்ளேயும் போகும். ராம் கால்கள் கறுத்துப் போயிருக்கும், சார்ஜர் ஜாக்கில் பச்சை பூத்திருக்கும். 'ஆன் ஆகலை அண்ணா' என்று வரும் பல மிஷின்களில் ராமைக் கழற்றி, அதன் கால்களை ரப்பரால் தேய்த்து, திரும்ப அழுத்திப் பொருத்தினாலே உயிர் வந்துவிடும். அப்படிப் பத்து நிமிடத்தில் சரிசெய்து கொடுத்துத்தான் எனக்குப் பெயர் வந்தது. அந்தப் பெயரைக் காப்பாற்ற வேண்டும் என்ற ஆசையில்தான் தவறு தொடங்கியது.

ஆன் ஆகாத லேப்டாப்பைப் பார்க்க ஒரு முறை இருக்கிறது. முதலில் உடையவரிடம் கேட்க வேண்டும்: கடைசியாக என்ன செய்துகொண்டிருந்தீர்கள், கீழே விழுந்ததா, தண்ணீர் பட்டதா, கரண்ட் போய் வந்ததா? அப்புறம் சார்ஜரை மல்டிமீட்டரில் வைத்து 19 வோல்ட் வருகிறதா என்று பார்க்க வேண்டும். பேட்டரியைக் கழற்றி, சார்ஜரையும் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்தால் போர்டில் தேங்கி நிற்கும் மின்சாரம் வடியும். அதன் பிறகு சார்ஜர் மட்டும் போட்டு ஆன் ஆகிறதா என்று பார்க்கலாம். விளக்கு எரிகிறதா, ஃபேன் சுற்றுகிறதா என்று கவனிக்க வேண்டும். ஃபேன் சுற்றியும் திரை இருட்டாக இருந்தால், கோளாறு திரையில் மட்டும் இருக்கலாம். டார்ச் அடித்துப் பார்த்தாலோ வெளி மானிட்டரை மாட்டினாலோ தெரிந்துவிடும். ராமை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்க வேண்டும். ஹார்டு டிஸ்கைக் கழற்றிவிட்டுப் பார்க்க வேண்டும். இவை எல்லாம் முடிந்த பிறகுதான் மதர்போர்டில் கை வைக்க வேண்டும்.

அந்த நாளில் எனக்கு ராம் வரைக்கும்தான் தெரியும். போர்டில் எந்த வோல்டேஜ் எங்கிருந்து பிறந்து எங்கே போகிறது என்று தெரியாது. சர்க்யூட் படத்தைப் படிக்கத் தெரியாது. 'எனக்குத் தெரியலை, தெரிஞ்சவங்ககிட்ட காட்டுங்க' என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொன்னால் லேப்டாப் கொண்டுவந்த பையன் அடுத்த முறை வேறு கடைக்குப் போய்விடுவான் என்று பயந்தேன். அதனால் 'போர்டு போயிடுச்சு' என்பேன். யாரும் திருப்பிக் கேட்டதில்லை. தெரியாததை எல்லாம் அந்த இரண்டு வார்த்தைக்குள் ஒளித்துவைத்தேன்.

அப்போதுதான் வெள்ளம். டிசம்பர் 1-ஆம் தேதி தொடங்கிய மழையில் தாம்பரத்தில் மட்டும் ஒரே நாளில் 49 செ.மீ. பதிவானது. ஓ.எம்.ஆர். பக்கம் செம்மஞ்சேரி மிதந்தது. தாழ்வான தெருக்களிலும் தரைத்தளத்து வாடகை அறைகளிலும் தண்ணீர் புகுந்தது. சாலை திறந்ததும் என் மேஜை மேல் லேப்டாப் குவிந்தது.

நனைந்த மிஷினுக்கு முதல் விதி, அதை ஆன் செய்யக் கூடாது. சுத்தமான தண்ணீர் மின்சாரத்தை அவ்வளவாகக் கடத்தாது. வெள்ளத் தண்ணீரில் உப்பும் சாக்கடையும் கலந்திருக்கும். அந்த ஈரத்தின் மேல் மின்சாரம் ஓடினால், ஒரு காலில் இருக்கும் செம்பு கரைந்து பக்கத்துக் காலில் படிந்து, அங்கிருந்து இழை இழையாகத் திரும்பி வளரும். நடுவில் ஷார்ட் ஆகும். பேட்டரி உள்ளே இருந்தால், ஆன் செய்யாமலே போர்டின் ஒரு பகுதியில் எப்போதும் மின்சாரம் இருக்கும். ஆகவே முதலில் பேட்டரியைக் கழற்ற வேண்டும். அன்றைக்கு வந்த மாடல்கள் பெரும்பாலானவற்றில் அடியில் ஒரு கொக்கியைத் தள்ளினால் பேட்டரி கையோடு வந்துவிடும். பிறகு போர்டை வெளியே எடுத்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் மென்மையான பிரஷ்ஷும் கொண்டு கழுவி, முழுக்கக் காயவிட வேண்டும். அரிசி மூட்டைக்குள் புதைப்பதால் ஒரு பயனும் இல்லை. உப்பும் அழுக்கும் போர்டிலேயே தங்கிவிடும்.

இந்த விதி எனக்குத் தெரியாமல் இல்லை. கூட்டம் நின்றது, வேகமாகப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. வாங்கியதும் பவர் பட்டனை அழுத்தினேன்.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்துக் கல்லூரியில் சேர்ந்திருந்த ஒரு பெண் தன் அம்மாவோடு வந்தாள். அரசு கொடுத்த லேப்டாப். 2011 செப்டம்பர் 15-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் பள்ளியில் வாங்கியது. பல வீடுகளுக்கு அதுதான் முதல் கம்ப்யூட்டர். அவர்கள் வீட்டுக்கும் அதுதான். தண்ணீர் ஏறும் என்று பயந்து பரண்மேல் வைத்திருக்கிறார்கள். மேலே ஷீட் ஒழுகிப் பை நனைந்திருக்கிறது. "லேசாதான் அண்ணா நனைஞ்சிருக்கு. நாங்க ஆன் பண்ணவே இல்ல" என்றாள். யாரோ சரியாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பிள்ளை அவ்வளவு கவனமாகக் கொண்டுவந்ததை வாங்கி, அவள் கண் முன்னாலேயே பட்டனை அழுத்தினேன். திரை ஒரு நொடி வெளிச்சமாகி அணைந்தது. அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை.

"தண்ணி உள்ள போயிடுச்சும்மா. போர்டு போயிடுச்சு."

புது போர்டு விலையைக் கேட்டதும் இரண்டு பேரும் பேசாமல் நின்றார்கள். பழைய சாமான் விலைக்கு நானே எடுத்துக்கொள்கிறேன் என்று ஐந்நூறு ரூபாய் கொடுத்தேன். உதவி செய்வதாகவே அப்போது நினைத்துக்கொண்டேன். உள்ளே இருக்கும் ஹார்டு டிஸ்க் தனிப் பொருள், அதைக் கழற்றி ஒரு யுஎஸ்பி கேஸில் போட்டால் எந்தக் கம்ப்யூட்டரிலும் படிக்கலாம் என்று சொல்லவில்லை. அவர்களுக்கு அது தெரியாது என்பது எனக்குத் தெரியும். அன்று சாயங்காலம் டிஸ்கைச் சோதித்தேன்; நன்றாக இருந்தது. ஃபார்மட் செய்து, விண்டோஸ் ஏற்றி, விற்பனைக்கு வைத்திருந்த வேறொரு பழைய லேப்டாப்பில் மாட்டினேன். கொஞ்ச நாளில் அது விற்றது.

பொங்கலுக்கு முன்னால் அந்த அம்மா மட்டும் வந்தார். வெள்ளத்தில் சான்றிதழ்களை இழந்தவர்களுக்கு நகல் கொடுக்க அரசு முகாம்கள் நடத்திய சமயம். பெட்டியில் இருந்த மார்க் ஷீட்டும் சாதிச் சான்றும் ஊறிக் கூழாகிவிட்டன. அவற்றை ஸ்கேன் எடுத்து லேப்டாப்பில் வைத்திருப்பதாக மகள் சொன்னாளாம். "நம்பராவது தெரிஞ்சா போதும்னு ஆபீஸ்ல சொல்றாங்க தம்பி. அதுலேர்ந்து எடுக்க முடியுமா?"

உண்மையைச் சொல்லியிருந்தால் விற்ற மிஷினைத் திரும்பக் கேட்டு ஓடியிருக்க வேண்டும். ஃபார்மட் செய்த டிஸ்கிலிருந்துகூட, மேலே வேறெதுவும் எழுதப்படாத இடங்களிலிருந்து, சில ஃபைல்களை மீட்க வாய்ப்பு உண்டு. முயற்சியாவது செய்திருக்கலாம். "அதுவும் தண்ணியில போயிடுச்சும்மா" என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

சில வருடம் கழித்து, சென்னை ரிட்சி தெருவில் போர்டு வேலை செய்யும் ஒரு பெரியவரிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். 19 வோல்ட் லைனுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே ஷார்ட் இருக்கிறதா என்று முதலில் அளப்பது. ஷார்ட் இருந்தால் பவர் சப்ளையிலிருந்து ஒரு வோல்ட் மட்டும் கொடுத்து, போர்டின் மேல் ஆல்கஹாலைத் தடவி, எந்த இடத்தில் முதலில் ஆவியாகிறது என்று பார்ப்பது. சூடாகும் இடத்தில் பெரும்பாலும் கடுகளவு செராமிக் கெபாசிட்டர் ஒன்று இருக்கும். அதைக் கழற்றினாலே பல போர்டுகள் எழுந்துவிடும். நான் 'போயிடுச்சு' என்று சொல்லி மூலையில் போட்டுவைத்த பழைய போர்டுகளை எடுத்து அளந்து பார்த்தேன். சில பச்சை பிடித்து அரித்துப்போயிருந்தன. சில அந்த ஒரு கெபாசிட்டரைக் கழற்றியதும் பிழைத்தன.

அரசு லேப்டாப்பின் போர்டும் அவற்றில் இருந்தது. பெரியவர் லென்ஸ் வைத்துத் திரை கேபிள் சொருகும் கனெக்டரைக் காட்டினார். பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு கால்கள் கருகியிருந்தன. திரையின் பின்விளக்குக்கு 19 வோல்ட் போகும் கால் ஒன்று. படத்துக்கான சிக்னல் போகும் கால் மற்றொன்று, அது நேராக பிராசசருக்குப் போகிறது, தாங்குவது ஒன்றிரண்டு வோல்ட்தான். நடுவில் ஈரம் இருந்தால் 19 வோல்ட் அந்தப் பக்கம் தாவி பிராசசரைக் கொன்றுவிடும். "மிஷின் ஆன் ஆனாதான் பின்விளக்குக்கு கரண்ட்டே போகும். ஈரத்தோட எவனோ ஆன் பண்ணியிருக்கான்" என்றார். நான் பதில் சொல்லவில்லை. அவள் ஆன் செய்யவில்லை என்று சொன்னது எனக்கு நன்றாக நினைவிருந்தது.

ஆன் செய்யாமல் கழுவிக் காயவைத்திருந்தால் அந்த லேப்டாப் ஓடியிருக்கும் என்றே நம்புகிறேன். கழுவத் தேவைப்பட்டிருக்கும் ஆல்கஹாலின் விலை ஐம்பது ரூபாய்கூட ஆகியிருக்காது.

இப்போது கடையில் ரசீதில் எதைச் சோதித்தேன், எதைச் சோதிக்கவில்லை என்று எழுதிக் கொடுக்கிறேன். பழைய மிஷினை யார் விட்டுவிட்டுப் போனாலும், டிஸ்கை அவர்கள் முன்னால் கழற்றி அவர்கள் கையில் கொடுக்கிறேன். வேண்டாம் என்றாலும் கொடுக்கிறேன். மிச்சாங் புயல் சமயத்தில், 2023 டிசம்பரில், நனைந்து வந்த எதையும் நான் ஆன் செய்யவில்லை.

இதை அச்சுக்குக் கொடுக்கும் முன் அந்த அம்மாவைப் போய்ப் பார்த்தேன். வீடு எங்கே என்று இத்தனை வருடமும் எனக்குத் தெரியும். முதலில் அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. பட்டனை அழுத்தியது, டிஸ்கை அழித்தது, பொய் சொன்னது எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். நகல் வாங்க அலைந்ததில் மகளுடைய ஸ்காலர்ஷிப் மனு அந்த வருடம் தள்ளிப்போனதாம். அதை அப்போதுதான் கேள்விப்பட்டேன். கொண்டுபோன பணத்தை அவர் தொடவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார்:

"எங்க பொண்ணு சான்றிதழ் எல்லாம் இருந்த அந்த டிஸ்க், இப்ப யார்கிட்ட இருக்கு தம்பி?"

அப்போதெல்லாம் நான் பில் போட்டதில்லை. வாங்கியவர் பெயரை எழுதிவைத்ததும் இல்லை. தெரியாதும்மா என்றேன்.