பழுப்புக் கோடுகளின் தேசம்

பிரயாணம் என்றால் ரயிலும் கப்பலும் வேண்டும் என்பதில்லை. ஒரு நல்ல தேசப்படமும் ஓய்வான மாலை நேரமும் போதும். அமெரிக்கப் புவியியல் ஆய்வு இலாகா 1884-ம் வருஷம் முதல் வரைந்த படங்களை இன்று யாவரும் இலவசமாகப் பார்க்கலாம். சென்ற விடுமுறையில் அவற்றில் சிலவற்றை அச்செடுத்து மேஜைமேல் விரித்து, மாணவர் சிலருடன் நெப்ராஸ்கா மாகாணத்தின் மணற்குன்றுப் பிரதேசத்தை நாம் சுற்றி வந்தோம்.

ஏறக்குறைய 20,000 சதுர மைல் விஸ்தீரணமுள்ள அந்தப் பிரதேசம் புல் போர்த்திய மணல். அங்கே கழனிகள் அபூர்வம். மாட்டுப் பண்ணைகளே ஜீவாதாரம். படத்தில் பழுப்புக் கோடுகள் விரல் ரேகைகளைப் போல் நெளிகின்றன. கோடுகள் நெருங்கினால் செங்குத்தான குன்று, விலகினால் சமவெளி. சில குன்றுகள் 400 அடி உயரம். இடையிடையே நீல நிறத்தில் சிறு ஏரிகள். நிலத்தடி நீரை மாடுகளுக்காக இறைக்கும் காற்றாலைகளின் குறிகள்.

இந்த நெளிவுகளின்மேல், மைலுக்கு ஒன்றாக நேர்கோடுகளும் ஓடுகின்றன. ஒரு சதுரம் 640 ஏக்கர். லகோட்டா முதலிய ஆதிக்குடிகளை அகற்றிவிட்டுப் பங்கு போட்ட கோடுகள் அவை. 1904-ம் வருஷத்துக் கின்கெய்டு சட்டம், குடியேறுவோருக்கு அத்தகைய ஒரு சதுரமளவு நிலம் இலவசம் என்றது. ஜனங்கள் ஆசையுடன் வந்தார்கள். உழுத இடத்தில் புல்வேர் அறுந்தது. மணல் காற்றில் பறந்தது. மாடு மேய்க்கவோ ஒரு சதுரம் போதவில்லை. பெரும்பாலோர் பெரிய பண்ணைக்காரரிடம் விற்றுவிட்டுச் சென்றார்கள். செர்ரி ஜில்லாவில் 1920-ல் 11,000-க்கு மேலிருந்த ஜனத்தொகை, 2020-ல் 5,500-க்கும் குறைந்துவிட்டது.

இது முன்னரே தெரியாத விஷயமா? வறண்ட மேற்கு நிலங்களை நேரில் ஆராய்ந்த ஜான் வெஸ்லி பவல், மேய்ச்சலை நம்பும் குடும்பத்துக்கு 2,560 ஏக்கர் வேண்டும் என்று 1878-லேயே எழுதினார். பின்னர் அந்த இலாகாவின் தலைவராகித் தேசத்தைப் படமாக வரையும் பணியைத் தொடங்கியவரும் அவரே. சட்டம் செய்தவர்கள் நேர்கோடுகளைப் பார்த்தார்கள். நெளிந்த கோடுகளைப் பார்க்கவில்லை.

பழைய படத்தில் பள்ளிக்கூடத்துக்குக் குறி, கொடி பறக்கும் சிறு கறுப்புச் சதுரம். அதில் ஒன்றைத் தொட்டு, "ஸார், பக்கத்தில் வீடே இல்லையே, பிள்ளைகள் எங்கிருந்து வருவார்கள்?" என்றான் ஒரு சிறுவன். குதிரையேறிப் பல மைல் வந்தார்கள் என்றோம்.

"இப்போது?"

பிற்காலத்துப் படத்தை எடுத்து அருகில் வைத்தோம். கொடியைக் காணோம். பழுப்புக் கோடுகள் மட்டும் அப்படியே இருந்தன.